கோம்பாக் ஆற்றின் ஊற்றுக்கண்ணைத் தேடி: குடும்பத்தோடும் நாயோடும் நடந்துபோக ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் குடியிருக்கும் எங்களுக்குக் கோம்பாக் ஆறு அன்றாடக் காட்சி. வேலைக்குப் போகும்போது பாலத்தின் மேல் வாகன நெரிசலில் நிற்கும் நேரத்தில், இருபுறமும் சிமெண்டுச் சுவர் எழுப்பிய கால்வாய்க்குள் பால் கலந்த தேநீர் நிறத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும். சற்றுக் கீழே போனால் ‘பத்து’ என்ற பெயர்கொண்ட இன்னோர் ஆறு அதில் வந்து கலக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் பக்கத்தில் காவடி எடுப்பவர்கள் நீராடும் அதே ஆறுதான் அது. பிறகு 1909-இல் கட்டப்பட்ட மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலின் முனையில் கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு சேர்ந்து மலாக்கா நீரிணையை நோக்கிப் போகிறது. 1857-இல் வெள்ளீயம் தேடி வந்தவர்கள் கரையேறியது இந்தக் கூடுதுறைக்குப் பக்கத்தில்தான். நகரம் பிறந்ததும் அங்கேதான்.

இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் மகள் கேட்டாள். மலையிலிருந்து என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்த மலை எங்கள் வீட்டு மாடியிலிருந்தே தெரிகிறது என்பதால், போய்ப் பார்ப்பதே சரியான பதிலாகத் தோன்றியது. வீட்டில் என் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், ஜிம்மி என்ற பதினான்கு கிலோ நாட்டு நாய் என்று எல்லாரும் சேர்ந்து போய், தவறு செய்து, திருத்திக்கொண்டு, மீண்டும் மீண்டும் போய் வந்ததில் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நாயைக் குடும்பத்தில் ஒருவராக வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில், எதைத் தேடிப் போகிறோம்

ஊற்றுக்கண் என்றதும் பாறை இடுக்கிலிருந்து பீறிட்டு வரும் நீரை மனம் கற்பனை செய்துகொள்கிறது. கோம்பாக் போன்ற மலைக்காட்டு ஆற்றுக்கு அப்படி ஒற்றைப் புள்ளி கிடையாது. தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல் மலை. அதன் மேல் பல காலமாக இற்றுப்போன கல்லும் மண்ணும், அவற்றின் மேல் இலைச்சருகும் கனமாகப் படிந்திருக்கின்றன. பெய்யும் மழையில் பெரும்பகுதியை இந்தப் படுகை பஞ்சைப்போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடியில் உள்ள இறுகிய கல்லைத் தொட்டதும் சரிவின் ஓரங்களில் சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. ஒரு வாரம் மழை இல்லாவிட்டாலும் மலை ஓடைகள் வற்றாமல் தெளிவாக ஓடுவதற்கு இதுவே காரணம். ஆகவே கோம்பாக் ஆற்றுக்கு நூற்றுக்கணக்கான தொடக்கங்கள் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்கள் அவற்றில் ஏதேனும் ஒரு கிளை ஓடையைத் தேர்ந்தெடுத்து, பாதை அனுமதிக்கும் இடம் வரைக்கும் போய், நீர் சுருங்குவதைக் கண்ணால் பார்த்துத் திரும்பினால் போதும். பாதை முடிந்த பிறகும் கொடியைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறுவது பிள்ளைகளுக்கும் நாய்க்கும் உரிய செயல் அன்று.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

காராக் நெடுஞ்சாலை வருவதற்கு முன்பு கோலாலம்பூரிலிருந்து பெந்தோங்குக்குப் போக இருந்த பழைய சாலை இன்றும் இருக்கிறது. 68-ஆம் எண் கூட்டரசுச் சாலையான அது உலு கோம்பாக் பள்ளத்தாக்கின் வழியாக வளைந்து வளைந்து கெந்திங் செம்பா வரை ஏறுகிறது. ஆற்றைத் தொடர்வதற்கு இதைவிட நல்ல துணை இல்லை. சாலையோர ஊர்களைப் பழைய மைல்கற்களைக் கொண்டே இன்னும் குறிப்பிடுகிறார்கள். மலாய்க்காரர்கள் 'பத்து 12' என்பதை நம்மவர்கள் பன்னிரண்டாம் கட்டை என்பார்கள். நகரிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டரில் வரும் அந்தப் பன்னிரண்டாம் கட்டையில் பூர்வகுடியினரான ஓராங் அஸ்லி மக்களின் கிராமமும், அவர்களுக்கென்று அமைந்த கோம்பாக் மருத்துவமனையும் இருக்கின்றன. பதினாறாம் கட்டையில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு மையம் இருக்கிறது.

என் பரிந்துரை இதுதான். பழைய சாலையில் காரில் ஏறி, பாதுகாப்பாக நிறுத்த முடிகிற பாலங்களில் இறங்கி ஆற்றைப் பாருங்கள். பிறகு சுங்கை பிசாங் என்ற கிளை ஓடையின் வழியே அருவி வரை நடந்துவிட்டு வாருங்கள். நடை போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்ற அளவில் முடியும். பிள்ளைகளும் நாயும் இருந்தால் ஒன்றரை மணி நேரமாகக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. அம்மாவைப்போல் முழங்கால் வலி உள்ளவர்கள் பாலங்களை மட்டும் பார்த்துவிட்டு, ஓடையின் தொடக்கப் பகுதியில் நிழலில் அமர்ந்துகொள்ளலாம். ஒருவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதால், இரு பக்கமும் துணைக்குப் போதிய பெரியவர்கள் இருக்கும் நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள்.

அனுமதி

உலு கோம்பாக்கின் பெரும்பகுதி நிரந்தரக் காப்புக்காடு. அதற்குள் நடைபயணம் போக மாநிலக் காட்டுத்துறையின் நுழைவு அனுமதி வேண்டும். விண்ணப்பிக்கும்போதே நாயை அழைத்துவருவதாகவும் குறிப்பிட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். விதிகள் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுகின்றன. போன ஆண்டு ஒரு நண்பர் போய்வந்தார் என்பது அனுமதி ஆகாது. வழியில் நாய்க்குத் தடை என்ற பலகை இருந்தால் அதோடு திரும்பிவிட வேண்டும். கோலாலம்பூரில் நாய்க்கு மாநகர் மன்றத்தின் உரிமம் கட்டாயம் என்பதால், உரிம வில்லை கழுத்துப்பட்டையில் இருக்கட்டும்; உங்கள் கைப்பேசி எண்ணையும் அதோடு சேர்த்துத் தொங்கவிடுங்கள். கிராமத்தார் வாகனம் நிறுத்தக் கட்டணம் கேட்டால் முகம் கோணாமல் கொடுங்கள். நாம் நடப்பது அவர்களுடைய முற்றத்தின் வழியாக.

நாளும் நேரமும்

மேற்குக் கரையில் இருக்கும் நமக்கு ஆண்டுக்கு இரண்டு மழை உச்சங்கள்: ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும். ஜூன், ஜூலை மாதங்கள் ஒப்பளவில் வறண்டவை. ஜனவரி இறுதியும் பிப்ரவரியும் பெரும்பாலும் நல்லவை. எந்த மாதமானாலும் மலையில் மழை பிற்பகலில்தான் அதிகம். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்கி, பதினொன்றரைக்குள் காருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முந்தைய இரவு மலைப்பக்கம் மின்னல் தெரிந்திருந்தால் பயணத்தை ஒத்திவைக்கிறோம். பிள்ளைகள் முகம் வாடும். ஆறு அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

நாய் இந்த நடைக்கு ஏற்றதா

இந்தக் கேள்வியைக் கிளம்பும் காலையில் கேட்கக் கூடாது. ஒரு மாதம் முன்பே கேட்க வேண்டும். தடுப்பூசித் தொடர் முழுமையாக முடியாத குட்டியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். வளர்ந்த நாயானாலும் எலிக் காய்ச்சலுக்கான தடுப்பூசி கடந்த ஓராண்டுக்குள் போடப்பட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். எலிகளின் சிறுநீர் வழியாக நீரிலும் ஈரமண்ணிலும் பரவும் இந்த நோய் நாயையும் பிடிக்கும், மனிதரையும் பிடிக்கும். நோயுற்ற நாயின் சிறுநீரிலிருந்தும் அது வீட்டாருக்குத் தொற்றலாம். ஆகவே நாய்க்குப் போடும் ஊசி உங்கள் பிள்ளைக்கும் ஒரு காப்பு. உண்ணித் தடுப்பு மருந்தையும், இதயப்புழுத் தடுப்பு மருந்தையும் விலங்கு மருத்துவரிடம் கேட்டு நாள் தவறாமல் கொடுத்துவாருங்கள்.

வெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனிதர்களைப்போல் நாய்க்கு உடல் முழுதும் வியர்க்காது. பாதத்தில் சிறிது வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நம் காட்டில் அந்த வழியும் சரியாக வேலை செய்வதில்லை. மூக்கு சப்பையான பக், ஷிட்சு, புல்டாக் வகைகளுக்கு இந்த நடை வேண்டாம். பாலங்களில் இறங்கிப் பார்ப்பது அவற்றுக்குப் போதும். உடல் பருத்த நாய்க்கும், எட்டு ஒன்பது வயதைத் தாண்டிய நாய்க்கும் மருத்துவரின் சம்மதம் வேண்டும். மற்ற நாய்களை மூன்று வாரம் பழக்குங்கள்: காலையில் நாற்பது நிமிடம், பிறகு ஒரு மணி நேரம், பிறகு மேடும் பள்ளமும் உள்ள பூங்காவில் ஒன்றரை மணி நேரம். 'வா', 'நில்', 'விடு' என்ற மூன்று சொற்களுக்கு அது எந்தக் குரலிலும், யார் சொன்னாலும் கட்டுப்பட வேண்டும். இவற்றில் 'விடு' என்பதே காட்டில் மிக முக்கியம்; அழுகிய பழத்தையும் பாம்பையும் குரங்கையும் அந்த ஒரு சொல்தான் நாயிடமிருந்து காப்பாற்றுகிறது, நாயையும் அவற்றிடமிருந்து காப்பாற்றுகிறது.

கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கட்டாமல், மார்பைச் சுற்றிய வார்ப்பட்டையில் கட்டுங்கள். முதுகில் கைப்பிடி உள்ளதாக வாங்கினால் பாறையில் தூக்கிவிட உதவும். கயிறு ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் நீளம், நிலையான அளவு. பொத்தானை அழுத்தினால் நீளும் சுருள்கயிறு காட்டுக்கு ஆகாது. அது புதரில் சிக்கும், பிள்ளையின் காலைச் சுற்றும், ஓடும் நாயின் வேகத்தில் விரலை அறுக்கும்.

பையில் என்னென்ன

காலுக்கு வன்பொருள் கடையில் கிடைக்கும் கருப்பு ரப்பர் சப்பாத்தே சிறந்தது. அடிடாஸ் கம்போங் என்று எல்லாரும் அழைக்கும் அந்தச் சப்பாத்து ஈரப்பாறையில் பிடித்து நிற்கும், நனைந்தாலும் கனக்காது. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்திலிருந்தே ரப்பர் சப்பாத்தைத் தனக்குத் தெரியும் என்று அம்மா சொல்வார். நாய்க்குத் தனியாக ஒரு லிட்டர் தண்ணீரும், மடக்கும் கிண்ணமும், இரண்டு பழைய துண்டுகளும், கழிவு எடுக்கும் பைகள் ஐந்தாறும் வேண்டும். உப்புப் பொட்டலம், சாமணம், கட்டுத்துணி, சிறிய கைவிளக்கு, விசில், நீர் புகாத உறையில் கைப்பேசி ஆகியவை பெரியவர் ஒருவரின் பையில் இருக்கட்டும். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளத்தாக்குக்குள் கைப்பேசித் தொடர்பு அறுந்துபோகும்.

உணவில் ஒரு எச்சரிக்கை. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமும், கறி அடைத்துப் பொரித்த கறிபாப்பும் நமக்கு நல்ல காலை உணவு. நாய்க்கு அவை கெடுதல். சோற்றோடு வரும் மிளகாய்ச் சம்பாலிலும் கறிபாப்பிலும் இருக்கும் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கிறது. சமைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சு. தோல் உரித்த அவித்த முட்டை ஒன்றை நாய்க்கென்று எடுத்துவையுங்கள். நடைக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே அதன் காலை உணவை முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்த நாயை வளைவுச் சாலையில் காரில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை எங்கள் பின்னிருக்கை அறியும்.

பாலம் பாலமாக

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வீட்டுக்குப் பக்கத்துப் பாலத்திலேயே தொடங்குங்கள். பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, ஒவ்வொரு பாலத்திலும் மூன்று செய்திகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: ஆறு எத்தனை காலடி அகலம் இருக்கும், நீர் என்ன நிறம், அடியில் இருப்பது சிமெண்டா சேறா மணலா கல்லா. செத்தாப்பாக்கில் என் மகள் எழுதியது 'மைலோ நிறம், அடி தெரியவில்லை'. பன்னிரண்டாம் கட்டையைத் தாண்டியதும் எழுதியது 'கண்ணாடி, கல் எண்ணலாம்'. அவள் பாலத்தின் கைப்பிடியில் முகவாயை வைத்து உண்மையிலேயே கற்களை எண்ணினாள். நாற்பத்தொன்றில் ஒரு சிறு மீன் குறுக்கே போய்விட்டதால் எண்ணிக்கை நின்றது.

"பாட்டி, இது நம்ம ஆறுதானா?" என்று கேட்டாள்.

"அதேதான் அம்மா. கீழ வர்றதுக்குள்ள நாமதான் இப்படி ஆக்கிட்டோம்" என்றார் அம்மா.

நிறுத்தும்போது சாலையின் வளைவில் நிறுத்தாதீர்கள். வார இறுதிக் காலைகளில் மிதிவண்டி ஓட்டுநர்கள் இந்தச் சாலையில் வேகமாக இறங்குகிறார்கள். நாயைக் கயிறு மாட்டாமல் காரிலிருந்து இறக்காதீர்கள். இரண்டு நிமிடம்தானே என்று அதைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் நிமிடக் கணக்கில் ஏறும்.

நடை

வரிசை முக்கியம். வழி தெரிந்த பெரியவர் முன்னால், பிள்ளைகள் நடுவில், நாயைப் பிடித்தவர் அவர்களுக்குப் பின்னால், இன்னொரு பெரியவர் கடைசியில். நாய் முன்னால் இருந்தால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடும்; நடுவில் இருந்தால் கயிறு காலைத் தட்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் கயிற்றைக் கொடுப்பதைத் தட்டையான நிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிராமத்தைக் கடக்கும்போது அங்குள்ள நாய்கள் வந்து மோப்பம் பிடிக்கும். அவை தம் எல்லையைக் காக்கின்றன. கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, பேசிக்கொண்டே, நிற்காமல் நடந்துவிட்டால் பெரும்பாலும் சண்டை வராது. கல்லை எடுத்து ஓங்கினால் நிச்சயம் வரும். குரங்குகள் தென்பட்டால் உணவுப் பையை மூடிக்கொண்டு, நாயை மறுபக்கம் திருப்பிக்கொண்டு விலகிப்போங்கள்.

இந்நாட்டில் நாயோடு நடப்பவர் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்ட மரபில், நாயின் எச்சிலோ ஈரமோ உடலிலோ உடையிலோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால். தொழுகைக்கு முன் இதைச் செய்தாக வேண்டும் என்பதால், நம் நாய் அன்போடு முகர்வதுகூட முஸ்லிம் குடும்பத்தின் அன்றைய பொழுதைக் குலைத்துவிடும். எதிரில் யார் வந்தாலும் நாம்தான் பாதையை விட்டுக் கீழ்ப்பக்கம் இறங்கி, நாயை உட்காரவைத்து, நம் உடலால் மறைத்து நிற்க வேண்டும். குடும்பங்கள் குளிக்கும் குட்டைக்குள் நாயை இறக்கக் கூடாது. அவர்களுக்கு மேல்பக்கத்திலும் இறக்கக் கூடாது, ஏனென்றால் நாய் கலக்கிய நீர் அவர்களிடம்தான் போகிறது. எல்லாருக்கும் கீழே, ஆள் இல்லாத இடத்தில் அது நனையட்டும். நனைந்த நாய் கரையேறியதும் உடலைச் சிலிர்க்கும். அந்தத் துளிகள் மூன்று மீட்டர் தெறிக்கும் என்பதைக் கணக்கில் எடுத்து நில்லுங்கள். ஒரு முறை இப்படி ஒதுங்கி நின்றபோது ஒரு மலாய்ப் பெரியவர் நின்று, நன்றி சொல்லி, நாயின் பெயரைக் கேட்டுவிட்டுப் போனார். ஜிம்மி வாலை ஆட்டியது, நான் கயிற்றை விடவில்லை.

நாயின் கழிவை இலையால் மூடிவிட்டு வருவது போதாது. இங்கே பெய்யும் ஒவ்வொரு மழையும் ஆற்றுக்குத்தான் இறங்குகிறது. பையில் எடுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, வீட்டுக் குப்பைத்தொட்டி வரை சுமந்து வாருங்கள். முடிச்சுப் போட்ட பையை, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பாதையோரம் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், மறந்துபோகிறது.

ஓடை நீரை நாய் குடிக்க விடாதீர்கள். எத்தனை தெளிவாக இருந்தாலும் குடல் நோய்க் கிருமிகள் இருக்கலாம். அதோடு, குடிக்கும்போது மூக்குக்குள் ஏறித் தங்கிவிடும் ஒரு வகை அட்டையும் உண்டு. நடைக்குப் பின் ஒரு மூக்குத்துளையிலிருந்து மட்டும் இரத்தம் கசிந்து, நாய் விடாமல் தும்மினால், அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை போத்தல் தண்ணீரைக் கொடுத்துவந்தால் ஓடையின் பக்கம் அதன் நாக்கு போகாது. தோலில் ஒட்டும் அட்டையைப் பிடித்து இழுக்காமல், நகத்தைத் தட்டையாக வைத்துத் தள்ளிவிடுங்கள். உப்பைத் தூவினாலும் விழும்.

நாய் பின்தங்குவது, நிழலில் படுத்து எழ மறுப்பது, நாக்கு அகன்று ஈறு கருஞ்சிவப்பாவது, எச்சில் கெட்டியாக ஒழுகுவது ஆகியவை வெப்பத்தாக்குதலின் அறிகுறிகள். உடனே நடையை நிறுத்தி, ஆழமற்ற நீரில் நிறுத்தி, வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் விடாமல் நீர் ஊற்றி, தொப்பியால் விசிறுங்கள். ஈரத் துண்டால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். சற்றுத் தெளிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெடுஞ்சாலைக்கு அடியில், நீருக்குள்

சுங்கை பிசாங் ஓடை காராக் நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு சுரங்கக் கால்வாய் வழியாக வருகிறது. நடப்பவர்களும் அதே வழியாக, கணுக்கால் அளவு நீரில், எதிர்முனையில் தெரியும் பச்சை வெளிச்சத்தை நோக்கிப் போக வேண்டும். தலைக்கு மேல் லாரிகள் போகும் ஒலி சுவரில் மோதி எதிரொலிக்கும். பல நாய்கள் இங்கே கால் ஊன்றி நின்றுவிடும். இழுக்காதீர்கள். ஒருவர் முன்னே போய் மறுமுனையில் உட்கார்ந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். வராவிட்டால், அன்றைய நடை அங்கே முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். வானம் கறுத்திருந்தால், நீர் கலங்கியிருந்தால், சுரங்கத்துக்குள் காலையே வைக்காதீர்கள். உள்ளே இருக்கும்போது நீர் உயர்ந்தால் ஒதுங்க ஓர் அங்குல மேடும் கிடையாது.

இந்த வழிகாட்டியில் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பேன் என்று யாரேனும் சொன்னால், இதைப் படிக்கச் சொல்வேன். மலாயில் கெபாலா ஆயர் என்று சொல்லும் தலைவெள்ளம், மேலே எங்கோ பெய்த மழை ஓடையில் திரண்டு, சுவர்போல் ஒரே மூச்சில் கீழே வருவது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். 2021 ஆகஸ்டில் கெடாவில் ஜெராய் மலையடிவாரத்தில் இப்படி வந்த வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் சேர்த்து அடித்துவந்து உயிர்களைப் பறித்தது. அறிகுறிகள் சில உண்டு: தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, நீரின் ஒலி மாறுவது, மட்டம் உயர்வது அல்லது காரணமின்றிக் குறைவது.

நாங்கள் கடைப்பிடிக்கும் முறை எளியது. ஓடைக்கரையில் உட்கார்ந்ததும், நீர் மணலைத் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றுகிறோம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் பார்த்துச் சொல்வது மகனின் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் இலைகளின் ஊடே விழுந்துகொண்டிருந்த நேரத்தில், "அப்பா, குச்சி தண்ணிக்குள்ள நிக்குது" என்றான். போய்ப் பார்த்தேன். விளிம்பில் இருந்த குச்சியைச் சுற்றி இரண்டு விரல் ஆழத்துக்கு நீர் ஏறியிருந்தது. மூன்று மூங்கில் இலைகள் அதில் மோதி ஒதுங்கின. அவிழ்த்த பொட்டலங்களை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை முன்னால் விட்டு, ஜிம்மியை வார்ப்பட்டையின் கைப்பிடியோடு தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினோம். கால் மணி நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை மூழ்கிவிட்டது. பெரிய வெள்ளம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை அடித்துப்போக அது போதும். அன்று நீர் வடியும் வரை மேட்டிலேயே காத்திருந்து, பிறகுதான் இறங்கினோம். ஏறும்போது பொருளைப் பார்க்காதீர்கள், ஓடையின் ஓரமாகக் கீழ்நோக்கி ஓடாதீர்கள், பக்கவாட்டில் உயரத்துக்குப் போங்கள். நாய் நீருக்குள் மாட்டிக்கொண்டால் அதன் பின்னால் குதிக்காதீர்கள். இதை எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். 999-ஐ அழைத்தால் தீயணைப்பு மீட்புப் படை வரும். தொடர்பு கிடைக்கும் இடம் எது என்பதை நடக்கத் தொடங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் இடம்

அருவியை அடைந்ததும் அதன் தலைப்புக்கு ஏற முயலாதீர்கள். பாசி படிந்த கருங்கல்லில் நான்கு கால் பிராணியும் வழுக்கும். மாறாக, வழிநெடுகப் பக்கவாட்டில் வந்து சேரும் சின்னஞ்சிறு கசிவுகளைப் பாதையில் நின்றபடியே தேடிப் பாருங்கள். அவைதான் நீங்கள் தேடி வந்தவை. பாதையைக் குறுக்கே கடக்கும் அப்படிப்பட்ட ஒன்றில் ஜிம்மி முன்னங்கால்களை ஒரு கரையிலும் பின்னங்கால்களை மறு கரையிலும் வைத்து நின்றது. வயிற்றுக்கு அடியில் ஆறு போய்க்கொண்டிருந்தது. சரிவில் வேரின் அடியிலிருந்து வந்த அந்த நீர் ஒரு அரச இலை அகலம்கூட இல்லை. மகள் குறிப்பேட்டில் 'ஒரு நாய் அகலம்' என்று எழுதினாள்.

நேரம் மிச்சம் இருந்தால், காரில் பழைய சாலையின் உச்சியான கெந்திங் செம்பா வரை ஏறிவிட்டு வாருங்கள். சிலாங்கூரும் பகாங்கும் சந்திக்கும் அந்த முகட்டில் பெய்யும் மழை இரண்டாகப் பிரிகிறது. இந்தப் பக்கம் விழும் துளி கோம்பாக், கிள்ளான் வழியாக மலாக்கா நீரிணைக்குப் போகும். அந்தப் பக்கம் விழுவது பெந்தோங் வழியாகப் பகாங் ஆற்றில் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகும். பிள்ளைகளுக்கு நிலப்படத்தில் எத்தனை முறை காட்டினாலும் புரியாதது, அங்கே நின்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினால் புரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

குளிப்பதற்கு முன் நாயைத் துண்டின் மேல் நிறுத்தி, விரல் நுனியால் தடவிப் பாருங்கள்: காது மடலின் உள்ளே, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், விரல்களுக்கு இடையில், வாலின் அடியில். உண்ணி தட்டுப்பட்டால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் வேண்டாம். பிறகு நல்ல நீரில் குளிப்பாட்டி, காதை உலர்த்தி, பாதத்தில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சில வாரங்களில் நாய் சோர்ந்து, உணவை ஒதுக்கி, ஈறு வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலா என்று இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

வீட்டாருக்கும் இதே கவனம் வேண்டும். எலிக் காய்ச்சல் பொதுவாக ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் தலைகாட்டும். சில வேளை ஒரு மாதம் வரைகூட ஆகலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலியும் கண் சிவப்பும் வந்தால், ஆற்றுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எங்கள் சமையலறை நாட்காட்டியில் போய் வந்த தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதிலிருந்து பதினான்காம் நாளையும் முப்பதாம் நாளையும் குறித்துவைக்கிறோம். அதே பக்கத்தில் ஜிம்மியின் உண்ணி மருந்துக்கான அடுத்த தேதியும் இருக்கும்.